டீ சரியில்லையா? குறை தூளிலா, தண்ணீரிலா, டப்பாவிலா?

வீட்டு டீ ஒரு வாரம் கசக்கும், ஒரு வாரம் சப்பென்று கிடக்கும். உடனே பழி விழுவது டீத்தூள் மேல்தான். பிராண்டை மாற்றுவோம், புது பாக்கெட் பாதி தீர்வதற்குள் பழைய புகார் திரும்ப வந்துவிடும். தூளில் இல்லாத குறைக்குத் தூளை மாற்றினால் அப்படித்தான் ஆகும். கோப்பையில் என்ன தெரிகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி இது. உங்கள் டீக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்க்கொள்ளலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதலில் பால் இல்லாமல் ஒரு கோப்பை

பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்ந்துவிட்டால் எந்தத் தூளும் ஒப்பேறிவிடும். அதனால் புகார் எதுவானாலும் அந்தத் தூளை வெறும் வெந்நீரில் போட்டுக் குடித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. இப்படிச் சுவை பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடி வைத்து 6 நிமிடம். குடிக்க இது கடுமையாகத்தான் இருக்கும். குறை ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அந்த அளவு.

இதையே இரண்டு டம்ளரில் செய்யுங்கள். ஒன்றில் நீங்கள் வழக்கமாக டீ போடும் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீரோ, நல்ல தண்ணீர் வரும் வேறு வீட்டிலிருந்து வாங்கி வந்ததோ. இரண்டும் மோசம் என்றால் தூளைப் பாருங்கள். ஒன்று மட்டும் மோசம் என்றால் தண்ணீரைப் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் தூளும் தண்ணீரும் தப்பித்தன. மிச்சம் இருப்பது அடுப்படியில் நாம் செய்யும் வேலை.

சமையலறைத் தராசு இருந்தால் எடை போட்டுவிடுங்கள். பொடித்தூள் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் 2 முதல் 3 கிராம் வரும். பெரிய இலை டீ அதே ஸ்பூனில் பாதிதான் நிற்கும், ஏனென்றால் சுருண்ட இலைகளுக்கு நடுவே காற்றுதான் அதிகம். "இலை டீ வாங்கினேன், சாயமே இறங்கவில்லை" என்பவர்களில் பலருக்கு இந்த ஸ்பூன்தான் எதிரி.

வடிகட்டியதும் சக்கையைக் கொட்டிவிடாமல் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கறுப்புத் தேயிலையின் சக்கை செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் இலை பதமாக நிறம் மாறியபின் உலர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பச்சை பாய்ந்திருந்தால் அவசரப்பட்டு உலர்த்தியது. மங்கிக் கறுத்திருந்தால் பதம் தாண்டியது. பழுப்பு நார்களும் காம்புத் துண்டுகளும் நிறையக் கிடந்தால், முற்றிய இலையைப் பறித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறித்த கொழுந்தில் இவ்வளவு நார் வராது.

சாயம் அள்ளிக்கொண்டு வருகிறது, வாசமே இல்லை

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, தூள் தயாரான விதமே அப்படி. நம் வீடுகளில் புழங்குவது பெரும்பாலும் சிடிசி. 1930களில் அசாமில் வந்த அந்த இயந்திரத்தில் பல் வைத்த உருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, உருட்டி மணிமணியாக்கும். மணி சிறியது, அதனால் சாயம் சட்டென்று இறங்கும், பாலையும் தாங்கும். பழைய முறையில் இலையை முறுக்கிச் சுருட்டிச் செய்வது ஆர்த்தடாக்ஸ். நறுமணம் அதில்தான் நிற்கும். நீலகிரித் தேயிலைக்கே உரிய பூ வாசத்தைத் தேடிக்கொண்டு டஸ்ட் டீயை முகர்ந்தால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது, தூள் பழசு. சாயம் நிற்கும், வாசம் முதலில் போய்விடும். பாக்கெட்டில் பேக்கிங் தேதியைப் பாருங்கள். கறுப்புத் தேயிலை காற்றுப் புகாமல் இருந்தால் ஒன்றரை, இரண்டு வருடம்கூடத் தாங்கும். உடைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் குடித்துத் தீர்த்துவிடுவது நல்லது.

மூன்றாவதுதான் கவலைப்பட வேண்டியது: சாயம் ஏற்றிய தூள். கடைகளில் பிழிந்து போட்ட சக்கையைக் காயவைத்து, நிறம் சேர்த்து, நல்ல தூளோடு கலப்பது பழைய திருட்டு. வீட்டிலேயே சோதிக்கலாம். காபி வடிகட்டும் காகிதமோ, கெட்டியான வெள்ளை டிஷ்யூவோ எடுத்துத் தட்டில் விரியுங்கள். அதன்மேல் ஒரு சிட்டிகை தூளைத் தூவி, காகிதம் நனையும் அளவுக்குப் பச்சைத் தண்ணீரைத் தெளித்துச் சில நிமிடம் விடுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டு, காகிதத்தைக் குழாயடியில் லேசாகக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுத்தமான தூள் கறை விடாது. ஆரஞ்சோ சிவப்போ மஞ்சளோ திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு போகாமல் நின்றால் அது தேயிலையின் நிறம் இல்லை. தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் தூளைப் போட்டு நிறம் இறங்குகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பொடி டஸ்ட் டீ பச்சைத் தண்ணீரிலும் மெல்ல நிறம் விடும். போட்ட நொடியே கோடுகோடாக இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்படியே ஒரு காந்தத்தையும் தூளின் மேல் ஓட்டிப் பாருங்கள். சிடிசி உருளைகள் தேய்வதால் ஓரிரு இரும்புத் துகள் ஒட்டுவது சகஜம். காந்தம் கறுப்பு மீசை முளைத்து வந்தால் அந்தத் தூள் வேண்டாம். கறை விட்டாலும் இரும்பு விட்டாலும் பாக்கெட்டையும் பில்லையும் பத்திரப்படுத்தி உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சில்லறையாக, பெயரில்லாத கவரில் வாங்கியிருந்தால் யாரைக் கேட்பது? லூஸ் டீத்தூளில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கமே இதுதான்.

பால் ஊற்றினால் டீ காணாமல் போகிறது

வெறும் சாயமாகக் குடிக்கையில் நன்றாக இருந்த தூள் பாலில் தொலைந்துபோனால் தூள் கெட்டது என்று அர்த்தமில்லை, வேலைக்கு மாறிய ஆள். டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதல் கொழுந்தை விலை கொடுத்து வாங்கிப் பாலில் கொதிக்க விடுவது பாவம் என்றே சொல்வேன். இலங்கை மலைநாட்டு நுவரெலியாவின் மெல்லிய சாயமும் பால் இல்லாமல் குடிக்கத்தான்.

பாலுக்கு என்றால் அசாம் சிடிசியின் கனமான சாயம் நிற்கும். நீலகிரி சிடிசி கொஞ்சம் இலேசு, ஆனால் வாசம் கூட. இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டால் பல வீடுகளுக்குப் பிடிக்கும். இலங்கையில் உயரத்தை வைத்தே ரகம் பிரிக்கிறார்கள்: ஏறக்குறைய 600 மீட்டருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 1200 மீட்டருக்கு மேலே மலைநாட்டுத் தேயிலை. ருகுணு, சப்ரகமுவ பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையில் நிறமும் கனமும் அதிகம், பாலுக்குத் தோதானது. மேலே ஏற ஏறச் சாயம் வெளுக்கும், வாசமும் சுறுசுறுப்பும் கூடும்.

பாக்கெட்டில் இருக்கும் பிஓபி, ஓபி, பிடி, டஸ்ட் என்ற எழுத்துகளைத் தரப் பட்டியல் என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். அவை பெரும்பாலும் இலைத்துண்டின் அளவைச் சொல்கின்றன. சல்லடையில் எந்தக் கண்ணில் நின்றது என்பதுதான் விஷயம். நல்ல தோட்டத்து டஸ்ட், மோசமான தோட்டத்துப் பெரிய இலை ஓபியை விட எவ்வளவோ மேல். ஊரை நம்பி வாங்குகிறீர்கள் என்றால் முத்திரையைப் பாருங்கள்: டார்ஜிலிங்குக்கும் நீலகிரிக்கும் இந்தியத் தேயிலை வாரியத்தின் தனித்தனி இலச்சினைகள் உண்டு. இலங்கைத் தேயிலைக்குச் சிங்க இலச்சினை. அது முழுக்க இலங்கைத் தேயிலையாகவும் அங்கேயே பேக் செய்ததாகவும் இருந்தால்தான் கிடைக்கும். "சிலோன் டீ" என்று பெரிதாக அச்சடித்துவிட்டுச் சிங்கம் இல்லாத பாக்கெட்டை இரண்டு தடவை பார்த்து வாங்குங்கள்.

நாக்கைப் பிடித்து இழுக்கிறது

துவர்ப்பும் கசப்பும் வேறுவேறு. நல்ல கறுப்புத் தேயிலையில் ஒரு துவர்ப்பு இருக்கத்தான் வேண்டும். வாயை ஒரு நொடி சுருக்கிவிட்டு உடனே விலகிவிடும். அடுத்த மடக்கைக் கேட்கத் தோன்றும். ஏலத்தில் விலை ஏறுவதே அந்தச் சுறுசுறுப்புக்குத்தான். தொண்டையின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறதே, அதுதான் குறை.

அது வந்தால் முதலில் அடுப்பைப் பாருங்கள். தூளைப் போட்டுவிட்டுப் போன் பேசப் போனால் எந்தத் தூளும் கசக்கும். சிடிசிக்குக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். ஸ்ட்ராங்காக வேண்டுமானால் தூளைக் கால் ஸ்பூன் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். பால் ஊற்றினால் கசப்பு அடங்குவது உண்மை, பாலிலுள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக அரை மணி நேரம் காய்ச்சிய டிகாஷனைப் பால் காப்பாற்றிவிடாது. நேரத்தைச் சரியாக வைத்தும் கசந்தால் தூளின் சக்கையைப் பாருங்கள். நாரும் காம்பும் சொல்லிவிடும்.

மேலே படலம், சாயம் கறுத்துக் கிடக்கிறது

கறுப்புத் தேநீர் இரண்டு நிமிடம் நின்றதும் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் கட்டுகிறது, ஸ்பூனால் தொட்டால் தகடாக உடைகிறது, டம்ளரில் கோடு விழுகிறது. இதைத் தேயிலையில் பூசிய மெழுகு என்று சொல்லி வாட்ஸ்அப்பில் பயமுறுத்துவார்கள். காரணம் உப்புத் தண்ணீர். தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும், தேயிலையின் துவர்ப்புப் பொருள்களான பாலிபீனால்களும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் மேற்பரப்பில் சேர்ந்து கட்டும் படலம் அது. சென்னையின் பல போர்வெல்களிலும், சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் இந்தத் தொல்லை அதிகம். அதே தண்ணீரில் சாயம் மங்கலாகவும் வாசம் அமுங்கியும் இருக்கும். மலைநாட்டு இலை டீ வாங்கி உப்புத் தண்ணீரில் போடுபவர்கள் விலையில் பாதியைக் குழாயடியில் விடுகிறார்கள்.

உறுதி செய்ய எளிய வழி: நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள். படலம் கரைந்து, நிறமும் ஒரு படி வெளுக்கும். வெளுப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். புளிப்பில் தேயிலையின் நிறப்பொருள்கள் அப்படித்தான் மாறும். நிரந்தரத் தீர்வு, டீக்கு மட்டுமாவது தண்ணீரை மாற்றுவது. அதற்காக உப்பே இல்லாத தண்ணீரும் சரிப்படாது. ஆர்ஓ இயந்திரத்தில் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டால் டீ உயிரில்லாமல் தட்டையாக நிற்கும். ஆர்ஓ தண்ணீரில் பாதியும் குழாய்த் தண்ணீரில் பாதியும் கலந்து, நன்றாகக் கொதிக்க வைத்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சாயம் செம்மையே இல்லாமல் நீலம் பாய்ந்த கறுப்பாக வந்தால் அது வேறு கதை: தண்ணீரில் இரும்பு. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய அதே ரசாயனம்தான், துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் மை. துருப்பிடித்த குழாயையோ பழைய இரும்புப் பாத்திரத்தையோ தேடுங்கள்.

ஆறியதும் கலங்குகிறது

இது குறையே இல்லை. வடித்த சாயம் ஆறும்போது பால் கலந்ததுபோல் கலங்கினால், கஃபீனும் தேயிலையின் நிறப்பொருள்களும் சேர்ந்து திரள்கின்றன. அவை நிறைய இருக்கும் நல்ல தேயிலையில்தான் இது நன்றாகத் தெரியும். தெளிந்த ஐஸ் டீதான் வேண்டும் என்றால் இலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பால் திரிகிறது

தூளைத் திட்டாதீர்கள். பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. இஞ்சியைத் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்க விட்டு, அப்புறம் பாலை ஊற்றினால் திரியாது. வெல்லம் என்றால் அடுப்பை அணைத்தபின் சேருங்கள்.

புகை, கருகல், மசாலா வாடை

புகை வாடை ஆலையிலேயே ஏறுவது. விறகு எரித்து இலை உலர்த்தும் ஆலைகளில் அடுப்பின் புகை உலர்த்தியின் காற்றோடு கசிந்தால் தூளில் ஏறிவிடும், வீட்டில் அதை எடுக்க வழியில்லை. கருகல் வாடை அதிகச் சூட்டில் உலர்த்தியதால் வருவது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு பாக்கெட்தான்.

மற்ற வாடைகள் எல்லாம் நம் கைங்கரியம். ஆலையிலிருந்து வரும்போது தேயிலையில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான். அந்த அளவுக்குக் காய்ந்த பொருள் பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும்: பெருங்காயம், சாம்பார் பொடி, ஊதுபத்தி, சோப்பு. சோப்புக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் டீத்தூளை அடுக்கும் கடையில் காகித உறைப் பாக்கெட் வாங்க வேண்டாம். ஈரம் ஏறியதா என்று பார்க்க இலையை விரலுக்கிடையில் நசுக்குங்கள். மொறுமொறுவென்று நொறுங்கினால் சரி, வளைந்தால் போச்சு. அழகுக்கு வைத்த கண்ணாடி ஜாடியை விட, இறுக்கமான மூடி போட்ட சில்வர் டப்பா மேல்; அடுப்புக்கு மேல் அலமாரி வேண்டாம். அடிக்கடி எடுத்துத் திறக்கும் தூளை ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். அரைக் கிலோ சலுகைப் பாக்கெட்டில் மிச்சமாகும் காசை வாசத்தில் இழக்கிறோம். சிறு குடும்பத்துக்கு 100 கிராம், 250 கிராமே போதும்.

கிரீன் டீ கசக்கிறது

கிரீன் டீயைப் பற்றி வரும் புகார்களில் இதுதான் முதல், காரணமும் பெரும்பாலும் ஒன்றே: கறுப்புத் தேயிலைக்குப் போடுவதுபோலக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவது. பச்சைத் தேயிலையைப் பறித்ததும் சூடு காட்டி, இலையை நிறம் மாற்றும் நொதியை அடக்கிவிடுகிறார்கள். அதனால் கறுப்புத் தேயிலையில் உருமாறிவிடும் கேட்டசின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் இதில் அப்படியே நிற்கின்றன. கொதிநீர் பட்டால் அவையும் கஃபீனும் மொத்தமாக இறங்கிக் கசக்கும். 70 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடம், ஒரு கோப்பைக்கு 2 கிராம். அவ்வளவுதான்.

தெர்மாமீட்டர் தேவையில்லை, நம் கையில்தான் ஆற்றும் வித்தை இருக்கிறதே. கொதித்த தண்ணீரை அறைச் சூட்டில் இருக்கும் டம்ளருக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும்; அதை இன்னொரு டம்ளருக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இரண்டு மாற்றுக்குப் பிறகு இலைமேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். நல்ல இலை என்றால் அதே இலையில் இரண்டாவது தடவையும் ஊற்றலாம். இரண்டாவது கோப்பையில் சுவை இருக்கிறதா என்பதே தரத்துக்கு ஒரு பரீட்சை.

இவ்வளவு செய்தும் கசந்தால் பையைக் கிழித்துப் பாருங்கள். மலிவான டீ பேக்குகளில் இருப்பது சல்லடையின் அடியில் விழுந்த பொடி. அது எந்தச் சூட்டிலும் ஒரே நொடியில் எல்லாவற்றையும் இறக்கிவிடும். இலையாக வாங்குங்கள். துளசி, எலுமிச்சை, தேன் என்று மணம் சேர்த்த வகைகளை எடுக்கும்முன் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். மட்டமான இலையை மறைக்க மணத்தை விடச் சுலபமான வழி கிடையாது.

கிரீன் டீ பழுப்பாக வருகிறது, வைக்கோல் வாடை

சாயம் இளமஞ்சளாகவோ பச்சை பாய்ந்த மஞ்சளாகவோ வர வேண்டும். பழுப்பாக வந்தால் இலை பழசு, அல்லது நீங்கள் ஊறவிட்டு மறந்துவிட்டீர்கள். புது இலையை எடுத்து இரண்டே நிமிடத்தில் வடித்துப் பாருங்கள். அப்போதும் பழுப்பு என்றால் இலைதான். காய்ந்த இலையிலேயே இது தெரியும்: மங்கலான பச்சை, சாம்பல் பாய்ந்த பச்சை எல்லாம் சரி, மஞ்சளும் பழுப்பும் கலந்து கிடந்தால் விட்டுவிடுங்கள். கறுப்புத் தேயிலையின் ஆயுள் இதற்குக் கிடையாது. பேக் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனதை வாங்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு. ஜப்பானிய சென்ச்சாவை ஆவியில் வேகவைப்பதால் பளிச்சென்ற பச்சைச் சாயமும் கடற்பாசி வாடையும் வரும். சீனத்து லாங்ஜிங் போன்றவற்றை இரும்புச் சட்டியில் வறட்டுவதால் வறுத்த கடலையின் வாசம் வரும். இரண்டும் அதனதன் இயல்பு, கெட்டுப்போனதில்லை.

கிரீன் டீ வயிற்றைப் புரட்டுகிறது

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், அடர்த்தியைக் குறையுங்கள். சாப்பாட்டோடு சேர்த்தும் வேண்டாம்: கறுப்போ பச்சையோ, தேநீர் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும், ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கிரீன் டீயில் கஃபீன் இல்லை என்று நினைத்து ராத்திரி குடிப்பவர்களுக்குத் தூக்கம் வராததும் ஆச்சரியமில்லை.

ஒரே பிராண்ட், போன மாதம் நன்றாக இருந்தது

தேயிலைக்கும் பருவம் உண்டு. நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிரில் கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசம் ஏறும். இலங்கையின் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலம், திம்புள்ளையில் ஜனவரி முதல் மார்ச் வரை. அசாமில் மே கடைசி, ஜூனில் பறிக்கும் இரண்டாம் கொழுந்துதான் பேர்போனது. அதற்குப் பிறகு மழை பிடித்ததும் இலை மளமளவென்று வளர்ந்து சாரம் குறையும். பெரிய பிராண்டுகள் பல தோட்டத்துத் தூள்களைக் கலந்து இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும், ஆனாலும் முழுதாக மறைக்க முடியாது. ஒரே தோட்டத்துத் தேயிலை வாங்குபவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அதனால் பிராண்டை மாற்றும்முன் பாக்கெட்டில் பேக்கிங் மாதத்தைப் பாருங்கள். தோட்டத்துப் பெயர் போட்ட இலை டீ என்றால் பறித்த பருவத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல கடைக்காரர் சொல்லிவிடுவார். பிடித்த பருவத்துத் தூள் கிடைத்தால் 100 கிராம் பாக்கெட்டாக மூன்று நான்கு வாங்கி, உடைக்காமல் இருட்டான அலமாரியில் வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள்.